ஒரே நெல்லுக்கு மூன்று முளைதிறனா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேறு கமக்காரரும் இதை வாசிப்பார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள உங்கள் கமக்கார அமைப்பு காலபோகத்துக்கென்று 64 மூடை விதைநெல் வாங்கியிருக்கிறது. சிறுபோகத்தில் வெட்டிய நெல். மூடையில் தைத்திருந்த அட்டையில் முளைதிறன் 90 சதவீதம் என்று இருந்தது. நீங்கள் மாதிரி அனுப்பிய ஆய்வுகூடம் 86 என்று அறிக்கை தந்தது. வீட்டில் ஈரத் துவாயில் நூறு நெல்லைச் சுற்றிவைத்து நான்காம் நாள் எண்ணினால் 74. "இதில் யார் சொல்வது பொய்? விதை சோதிக்க உலகத்துக்கு ஒரே முறை என்று ஒன்று கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே முறை உண்டு. கிட்டத்தட்ட நூறு வருடமாக உண்டு. உங்கள் மூன்று எண்களில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 90, 86 இரண்டும் ஒரே எண்தான் என்று அந்த முறையே சொல்கிறது. 74 வேறு கேள்விக்கு வந்த விடை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் விளங்கும்.

எண் எப்போது தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 2006 இல் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வன்னிக்குள் இருந்த விதைதான் எங்களுக்கு விதை. பக்கத்து வயல்காரரிடம் இரண்டு புசல் மாறி எடுத்தபோது யாரும் முளைதிறன் அறிக்கை கேட்கவில்லை. அந்த வயல் கதிர்விட்டு நின்றதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். சூடடித்த நாளில் களத்தில் நின்றிருக்கிறோம். எந்தப் பட்டடையில் கிடந்தது என்பதும் தெரியும். விற்பவரின் வயலைக் காணாமல் வாங்கத் தொடங்கும்போதுதான் ஒரு கடுதாசி நடுவில் வருகிறது. அந்தக் கடுதாசியை நம்புவதா என்ற கேள்வியும் அதோடு வருகிறது.

ஐரோப்பாவில் அந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. விலைகூடிய விதையோடு அதைப்போலவே தெரியும் மலிவு விதையைக் கலப்பார்கள். கலந்த விதை முளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அதை முதலில் சூடாக்கிச் சாகடித்துவிடுவார்கள். பழைய விதைக்குச் சாயம் பூசிப் புதிதாக்குவார்கள். பிரித்தானியா 1869 இல் விதைக் கலப்படத்துக்கெதிராக ஒரு சட்டமே கொண்டுவந்தது; விதையைச் சாகடிப்பதும் சாயம் பூசுவதும் அதில் பெயர்சொல்லித் தடைசெய்யப்பட்டன. அதே 1869 இல் ஜேர்மனியின் தராண்ட் என்ற ஊரில் பிரெடெரிக் நொப்பே என்ற பேராசிரியர் உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தைத் தொடங்கினார். அதைப் பார்த்து நாட்டுக்கு நாடு ஆய்வுகூடங்கள் எழுந்தன. பிறகு புதிதாக ஒரு தொல்லை: ஒரே விதைக்கு ஒரு நாட்டு ஆய்வுகூடம் ஓர் எண் சொல்லும், அடுத்த நாட்டு ஆய்வுகூடம் வேறு எண் சொல்லும். நீங்கள் இன்று கேட்கும் அதே கேள்வியைத்தான் அன்று விதை வியாபாரிகளும் கேட்டார்கள். 1924 இல் பல நாட்டு விதைச் சோதனையாளர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடி சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கத்தை அமைத்தார்கள். இஸ்டா என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். 1931 இல் நெதர்லாந்தின் வாகனிங்கனில் நடந்த மாநாட்டில் அதன் முதல் விதித்தொகுப்பு ஏற்கப்பட்டது. 2024 இல் நூற்றாண்டை அதே கேம்பிரிட்ஜில் கொண்டாடினார்கள்.

அந்த விதித்தொகுப்பு நல்ல விதை எது என்று சொல்வதில்லை. இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். எத்தனை சதவீதம் முளைத்தால் விற்கலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் வேலை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் சேவை இருக்கிறது. அத்தாட்சிப்படுத்திய விதைநெல்லுக்கு 85 சதவீத முளைதிறன் என்ற எல்லை இருக்கிறது. இஸ்டா சொல்வது அளக்கும் விதத்தை. புசல் மரைக்கால் எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும்; அதில் எவ்வளவு அளந்து யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் பாடு.

இனி உங்கள் நெல்லுக்கு வருவோம். நான் இருபது வருடத்துக்கு மேல் விதைச் சோதனை மேசையில் இருந்தவன். பிழைகளில் பெரும்பங்கு மேசைக்கு வருமுன்னமே நடந்து முடிந்துவிடும். மாதிரி எடுப்பதில்தான் அது நடக்கிறது. நீங்கள் துவாயில் போட்ட நூறு நெல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? வாய் அவிழ்த்த ஒரு மூடையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி என்று எழுதியிருந்தீர்கள். அது அந்த மூடையின் மேல்பக்கத்துக்கு மட்டும் விடை. லொறியில் வரும் வழியில் குலுங்கிக் குலுங்கிப் பதரும் சப்பியும் மேலே வரும், கனத்த மணி கீழே இறங்கும். தகரக் கூரைக்குக் கிட்ட அடுக்கியிருந்த மூடையும் தரையோடு கிடந்த மூடையும் ஒரே வெக்கை கண்டவையல்ல.

விதி என்ன சொல்கிறது என்றால், முதலில் அந்த 64 மூடையும் ஒரே தொகுதியா என்று பாருங்கள். ஒரே தொகுதி இலக்கம் எல்லா அட்டையிலும் இருக்கவேண்டும். இரண்டு இலக்கம் இருந்தால் இரண்டு தொகுதி, இரண்டு சோதனை. 100 கிலோவுக்கு மேற்படாத மூடைகளில் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் குறைந்தது 30 இடங்களில் குத்தி எடுக்கவேண்டும். 31 முதல் 59 வரை என்றால் 20; 16 முதல் 30 வரை என்றால் 15; 9 முதல் 15 வரை என்றால் ஒவ்வொரு மூடையிலும் ஒன்று. அதிலும் குறைந்தால் ஒரு மூடையில் இரண்டு மூன்று இடம். நெல்வியாபாரியின் குத்தூசி இருக்கிறதே, அதைப்போன்ற ஓர் ஊசிதான் ஆய்வுகூடக்காரர் கையிலும் இருக்கிறது; சிறியதற்கு நொப்பேயின் பெயரே இன்றும் வழங்குகிறது. ஒரு மூடையில் மேலே, அடுத்ததில் நடுவே, அதற்கடுத்ததில் அடியில் என்று மாற்றி மாற்றிக் குத்தவேண்டும். எடுத்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, பாதி பாதியாகப் பிரித்துக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சும் சிறு குவியல் முழுத் தொகுதிக்கும் பிரதிநிதி. நல்லதாகப் பொறுக்கி எடுப்பதும் கூடாது, கெட்டதாகப் பொறுக்கி எடுப்பதும் கூடாது. சந்தேகம் கொண்டவர் மோசமான மூடையைத் தேடிக் குத்துவார். விற்றவர் நல்ல மூடையைக் காட்டுவார். இரண்டும் ஒரே பிழை.

நிலக்கடலைக் கோதுக்குள் ஊசி நுழையாது. அதற்கு விதி கையையே ஒத்துக்கொள்கிறது: விரல்களை ஒட்டவைத்து உள்ளே விட்டு, மூடி எடுத்து, ஒரு மணியும் விரலிடுக்கில் சிந்தாமல் வெளியே கொண்டுவரவேண்டும்.

ஆய்வுகூட அறிக்கையிலும் இதே விடயம் நிற்கிறது. இஸ்டா அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடங்கள் இரண்டு நிறத்தில் சான்றிதழ் கொடுக்கும். தொகுதியிலிருந்து மாதிரி எடுத்ததும் அந்த முறைப்படியே நடந்திருந்தால் செம்மஞ்சள். யாரோ கொண்டுவந்து கொடுத்த மாதிரியை மட்டும் சோதித்திருந்தால் நீலம். நீலச் சான்றிதழ் அந்தப் பொதிக்குள் இருந்த விதையைப் பற்றித்தான் பேசும். மூடைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது. உங்களுக்கு வந்த உள்ளூர் அறிக்கைக்கு நிறம் எதுவும் இல்லாவிட்டாலும் நியாயம் அதேதான். உங்கள் 86, நீங்கள் அனுப்பிய மாதிரிக்கான 86. அந்த மாதிரியைச் செயலாளர் எட்டு மூடையிலிருந்து எடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றிலிருந்து எடுத்ததைவிட எவ்வளவோ மேல், முப்பது இடத்துக்கு இன்னும் தூரம்.

இனி எண்ணிக்கை. நூறு நெல் போதாது. தொகுதியின் உண்மையான முளைதிறன் 88 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு மணியை எப்படித்தான் நேர்மையாக எடுத்தாலும் தற்செயலாகவே 82 வரை இறங்கலாம், 94 வரை ஏறலாம். 400 மணி போட்டால் அந்த ஆட்டம் பாதியாகக் குறைந்து 85 முதல் 91 வரைக்குள் அடங்கும். அதனால்தான் விதி 400 மணியை, நூறு நூறாக நான்கு பங்கில் போடச் சொல்கிறது. நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகலாம் என்பதற்கும் அட்டவணை உண்டு. சராசரி 89 அல்லது 90 என்றால், மிகக்கூடியதற்கும் மிகக்குறைந்ததற்கும் இடையே 12 வரை ஒத்துக்கொள்வார்கள். ஒரு பங்கு 96, இன்னொன்று 80 என்று வந்தால் அந்தச் சோதனையைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி போடவேண்டும். அலுப்பான வேலை. ஆனால் இந்த அலுப்பைத் தாங்காத ஆய்வுகூடத்தின் எண்ணை நான் வாங்கமாட்டேன்.

ஒரே தொகுதியை இரண்டு இடத்தில் சோதித்தால் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. சராசரி 85 முதல் 90 வரை என்றால் 5. உங்கள் 90, 86 இரண்டின் சராசரி 88, வித்தியாசம் 4. இரண்டு ஆய்வுகூடமும் ஒத்துப்போகின்றன என்றுதான் அதற்கு அர்த்தம். அட்டைக்காரரோடு சண்டைபிடிக்க அந்த 4 போதாது. இரண்டும் 85 என்ற எல்லைக்கு மேலேயும் இருக்கின்றன.

74 என்பது தற்செயல் ஆட்டத்துக்குள் அடங்காது, அது வேறு. முதலில் நாளைப் பாருங்கள். நெல்லுக்கு முதல் எண்ணிக்கை 5 ஆம் நாள், கடைசி எண்ணிக்கை 14 ஆம் நாள். நீங்கள் நான்காம் நாளே கணக்கை முடித்துவிட்டீர்கள். பயறுக்கு 7 நாள் போதும், நிலக்கடலைக்கு 10, நெல்லுக்கு 14. வெப்பமும் எழுதப்பட்டிருக்கிறது: 25 பாகை, அல்லது இரவில் 20, பகலில் 30. உங்கள் துவாய் எங்கே கிடந்தது? தகரத்தின் கீழ் என்றால் புரட்டாதி வெயிலில் அங்கே நிலவும் சூட்டை நான் சொல்லத் தேவையில்லை. ஈரம் கூடினாலும் விதை மூச்சுமுட்டும். துவாயைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் விடயத்தில் அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. வீட்டுச் சோதனை வழமையாக ஆய்வுகூடத்தைவிடக் கூடத்தான் காட்டும். நாங்கள் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தாலே முளைத்தது என்று எண்ணிவிடுவோம். விதி அப்படி எண்ண விடாது. வேரும் குருத்தும் ஒழுங்காக வந்து, நிலத்தில் விட்டால் பயிராகும் என்று நம்பத்தக்கதைத்தான் இயல்பான நாற்று என்று எண்ணும். வேர் குட்டையாகி நின்றது, குருத்து சுருண்டது, பூஞ்சணத்தில் அழுகியது எல்லாம் வேறு நிரலில் போகும். ஆகவே உங்கள் கணக்கு ஆய்வுகூடத்தைவிடக் குறைந்திருப்பது விதை செத்ததற்கு அடையாளமாக எனக்குத் தெரியவில்லை. அது உறங்குகிறது என்று நினைக்கிறேன்.

சிறுபோகத்தில் வெட்டிய நெல் காலபோக விதைப்புக்கு இடையே கொஞ்ச வாரம்தான் கிடக்கிறது. புது நெல்லுக்கு உறங்குநிலை உண்டு. செடியிலேயே முளைத்துவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது வைத்திருக்கும் பூட்டு அது. ஆய்வுகூடம் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் சோதிக்கும்: 50 பாகையில் சூடாக்கும், அல்லது 24 மணித்தியாலம் தண்ணீரிலோ பொட்டாசியம் நைத்திரேற்றுக் கரைசலிலோ ஊறவைக்கும். நீங்கள் எதுவும் செய்யாமல் துவாயில் போட்டீர்கள். 14 ஆம் நாளும் முளைக்காமல் கிடக்கும் மணியை நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள். உள்ளே கூழாகிப் பிதுங்கினால் செத்த விதை. இறுக்கமாக, புதிதாக இருந்தால் "முளைக்காத புதிய விதை" என்று தனியாக எழுதுவார்கள். பயறில் தண்ணீரே உறிஞ்சாமல் கல்லாகக் கிடப்பதை "கடின விதை" என்று அதையும் தனியாக எழுதுவார்கள். அறிக்கையை வாங்கியதும் மேலே இருக்கும் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். இந்த நிரல்களையும் வாசியுங்கள். 86 முளைத்து 10 உறங்கும் நெல்லும், 86 முளைத்து 10 செத்த நெல்லும் ஒன்றல்ல.

ஈரப்பதனைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் ஆட்கள் மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, "டக்" என்று உடைகிறதா என்று பார்ப்பார்கள். பழகிய பல்லுக்கு அது பிழைப்பது குறைவு, ஆனால் அடுத்த ஊரார் என் பல்லை நம்பமுடியாது. ஆய்வுகூடம் நெல்லை அரைத்து 130 பாகை அடுப்பில் இரண்டு மணித்தியாலம் வைத்து நிறைக்குறைவைப் பார்க்கும். எண்ணெய் கூடிய எள், கடலைக்கு அந்தச் சூடு சரிவராது. 103 பாகையில் 17 மணித்தியாலம். கடைகளில் இருக்கும் கைமீற்றர் அந்த அடுப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்காவிட்டால் வெறும் பொம்மை.

தூய்மைச் சோதனையில் ஒரு மயக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். நெல்லில் ஏறக்குறைய 2,500 மணி வரும் அளவுக்கு எடுத்து, தூய விதை, வேற்று விதை, கல் மண் பதர் என்று கையால் பிரிப்பார்கள். பாதிக்கு மேல் இருக்கும் உடைந்த மணியும் தூய விதையில்தான் சேரும். ஆனால் ஏ.ரி 362 என்ற நெல்லினத்துக்குள் பி.ஜி 360 என்ற இனம் கலந்திருந்தால் இரண்டும் நெல்தான். இந்தச் சோதனை அதைப் பெரிதாகக் காட்டாது. அதற்கு வயலில் கதிர் நிற்கும்போதே போய்ப் பார்த்திருக்கவேண்டும். இப்போது வெட்டு மெசின் ஒரு வயலில் வெட்டிவிட்டுத் துப்புரவாக்காமல் அடுத்த வயலுக்குள் இறங்குகிறது. களைநெல்லும் அதோடு இறங்குகிறது. வன்னியில் எனக்கு முளைதிறனைவிடக் கூடப் பயம் தருவது இதுதான். தூய்மை 98 என்ற எண்ணைப் பார்த்து இதில் ஆறுதல் அடையாதீர்கள்.

எண்ணுக்கு ஒரு திகதி உண்டு என்பதை நான் பட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். மீள்குடியேறிய காலத்தில் விசுவமடுப் பக்கம் எங்கள் காணிக்கும் விதைக்கடலை தந்தார்கள். தந்தவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். கூட வந்த கடுதாசியில் முளைதிறன் நன்றாகவே இருந்தது. ஆனால் சோதித்த திகதி பல மாதம் முந்தியது. கடலையைக் கோது உடைத்துப் பொலித்தீன் பையில் கட்டி, எங்கோ ஒரு சூடான களஞ்சியத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். பாத்திக்குப் பாதி முளைக்கவில்லை. அம்மா வரப்பில் நின்று வெறும் பாத்தியைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருக்கு அது ஒரு போகம். அந்தக் கடுதாசியில் இருந்த எண் அது எழுதப்பட்ட நாளில் உண்மையாக இருந்திருக்கும். விதைக்காரர்கள் கைக்கணக்காகச் சொல்வார்கள்: ஈரப்பதன் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். அதைத் திருப்பிப் போட்டு வாசித்தால் தகரக் கொட்டகையில் என்ன நடக்கும் என்று விளங்கும்.

வெளிநாட்டுத் தகரப்பேணியில் வரும் மரக்கறி விதைக்கும் இந்த ஒரே அளவுதான் எங்களுக்குக் காவல். எங்கோ சோதித்த மிளகாய் விதையின் எண் பரந்தன் கடையில் பொருள்படுகிறது என்றால், அங்கும் இங்கும் ஒரே விதிப்படி எண்ணுகிறார்கள் என்பதால்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடங்களுக்கு ஒரே விதையை, விடையைச் சொல்லாமல் அனுப்பி, எல்லாரும் ஒரே விடைக்குக் கிட்ட வருகிறார்களா என்று சங்கம் பார்க்கும். நேரில் வந்தும் தணிக்கை செய்யும். ஆனால் வெங்காய விதையை அந்த விதி 20 பாகையிலோ 15 பாகையிலோ சோதிக்கச் சொல்கிறது. எங்கள் மண் பகலில் 30 க்கு மேல். விதைக்கு மிகச் சுகமான இடத்தில் எவ்வளவு முளைக்கும் என்பதைத்தான் ஆய்வுகூடம் சொல்கிறது; உங்கள் பாத்தியில் எவ்வளவு எழும் என்பதற்கு அது உறுதி தரவில்லை. ஒப்பிடுவதற்குப் பொது அளவு வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அது குறையென்று நான் சொல்லமாட்டேன், தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

இப்போது செய்யவேண்டியது. விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். தொகுதி இலக்கங்களைப் பாருங்கள். 64 மூடையிலும் சேர்த்து மொத்தம் முப்பது இடத்தில் குத்தி எடுத்து, கலந்து பிரித்து, 400 மணியைக் கண் பார்க்காமல் எண்ணி எடுங்கள். நல்ல மணியாகப் பொறுக்கவேண்டாம். 24 மணித்தியாலம் ஊறவிடுங்கள். கழுவிய ஆற்றுமணலை நான்கு தட்டில் நிரப்பி, ஈரமாக்கி, நூறு நூறாக இடைவெளி விட்டு ஊன்றி, நிழலும் காற்றும் உள்ள திண்ணையில் வையுங்கள். 5 ஆம் நாள் நல்ல நாற்றுகளை எண்ணிப் பிடுங்குங்கள், 14 ஆம் நாள் மிச்சத்தை எண்ணுங்கள். எழாததைத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்துங்கள். சராசரி 83 க்கு மேல் வந்தால் (85 க்குக் கொஞ்சம் குறைவது தற்செயல் ஆட்டத்துக்குள் அடங்கும்), அல்லது குறைந்தும் எழாததில் பெரும்பங்கு இறுக்கமாக இருந்தால், அந்த நெல்லை நம்பலாம். புழுதி விதைப்புக்கு மட்டும் இன்னும் மூன்று கிழமை பொறுத்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்; உறங்கும் நெல் காய்ந்த புழுதியில் கிடந்தால் எறும்புக்கும் குருவிக்கும்தான் இரை. கூழாகிப் பிதுங்குவது கூடினால் அட்டையைக் கழற்றாமல், மூடையைத் திறந்து கலக்காமல் அப்படியே வைத்துவிட்டு, விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து அவர் முன்னிலையில் மறுபடி மாதிரி எடுப்பியுங்கள். அப்படி எடுத்த மாதிரியை விற்றவரும் மறுக்கமுடியாது.

நான்கு தட்டின் கணக்கையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். சராசரி மட்டும் வேண்டாம், நான்கும் வேண்டும்.